செகண்ட் ஹேண்ட் 718 கேமனுக்கு பிபிஎஃப்: எந்த ஃபிலிம், எந்த மாதிரிக் கடை?

திருவான்மியூர்வாசி:

எல்லோருக்கும் வணக்கம். பிபிஎஃப், அதாவது பெயிண்டைக் காக்கும் கிளியர் ஃபிலிம், ஒட்ட நினைக்கிறேன். வண்டி 2018 போர்ஷே 718 கேமன், சிவப்பு. நான் இரண்டாவது ஓனர். அபார்ட்மெண்டில் கூரை இல்லாத பார்க்கிங், மேலேயே வேப்பமரம். ஓட்டம் பெரும்பாலும் ஈசிஆரில் மாமல்லபுரம் வரை, அப்புறம் மெட்ரோ வேலை நடக்கும் ஓஎம்ஆர். எப்போதாவது இருங்காட்டுக்கோட்டை டிராக். முன் பம்பரிலும் பானெட் முனையிலும் ஏற்கெனவே கல்லடிப் புள்ளிகள் இருக்கின்றன.

மூன்று கடைகளில் விலை கேட்டேன். முதல் கடையில் முழு வண்டிக்கு 1.35 லட்சம். "இம்போர்ட்டட் டிபியு, 8 மில், 10 வருட வாரண்டி" என்கிறார்கள், ஒன்றரை நாளில் டெலிவரியாம். பிராண்ட் பெயர் கேட்டால் "நேரில் வாங்க சார், காட்டுகிறோம்" என்பதுதான் பதில். இரண்டாவது கடை தெரிந்த பிராண்ட், ஏசி அறை, 5 நாள், 2.9 லட்சம். மூன்றாவது கடை அதே பிராண்டை முன்பக்கத்துக்கு மட்டும் 1.1 லட்சத்துக்கு ஒட்டித் தருகிறது.

ஃபிலிமில் உண்மையிலேயே இவ்வளவு வித்தியாசம் இருக்கிறதா? முழு வண்டி அவசியமா? கடைக்குப் போனால் எதைப் பார்க்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும்?

மைக்ரான்:

ஃபிலிமுக்கு முன்னால் பெயிண்டைப் பாருங்கள். செகண்ட் ஹேண்ட் வண்டியில் அதுதான் முதல் வேலை. ஏதாவது ஒரு பேனல் வெளியில் ரீபெயிண்ட் ஆகியிருந்தால், நாளைக்கு ஃபிலிமை உரிக்கும்போது கிளியர் கோட்டும் (பெயிண்டின் மேல் இருக்கும் நிறமில்லாத பூச்சு) சேர்ந்து வந்துவிடக்கூடும். கம்பெனி பெயிண்ட் அவ்வளவு எளிதில் உரியாது. லோக்கல் டிங்கரிங் ஷாப்பில் பட்டி போட்டு, சரியாகத் தேய்க்காமல் அடித்த பெயிண்ட் உரியும்.

பெயிண்டின் தடிமனை அளக்கும் கேஜ் வைத்து ஒவ்வொரு பேனலிலும் ஐந்தாறு இடத்தில் அளக்கச் சொல்லுங்கள். கம்பெனி பெயிண்ட் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் வரை காட்டும். 200-ஐத் தாண்டினால் சந்தேகப்பட வேண்டும். 400, 500 என்று போனால் அடியில் பட்டி இருக்கிறது. கேமனில் பானெட்டும் கதவுகளும் அலுமினியம். (முன்னால் இருப்பது டிக்கிதான், வசதிக்காக பானெட் என்றே சொல்கிறேன்.) மலிவான கேஜ்கள் இரும்பில் மட்டும்தான் வேலை செய்யும், அலுமினியத்தில் ரீடிங்கே வராது. இரண்டையும் படிக்கும் கேஜ் கடையில் இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள். பம்பர் பிளாஸ்டிக் என்பதால் இந்த இரண்டு வகையுமே அங்கே உதவாது. கண்ணால்தான் பார்க்க வேண்டும்: சென்சார் ஓட்டைகளின் ஓரத்தில் பெயிண்ட் கட்டி நிற்கிறதா, வீல் ஆர்ச் உள்மடிப்பில் மாஸ்கிங் டேப் கோடு தெரிகிறதா, ஆரஞ்சுத் தோல் மாதிரியான சொரசொரப்பு பக்கத்துப் பேனலோடு ஒத்துப்போகிறதா.

இனி ஃபிலிம். சந்தையில் டிபியு, டிபிஎச், பிவிசி என மூன்று பெயர் அடிபடும். டிபியு என்பது இழுத்தால் நீண்டு திரும்பும் பாலியூரித்தேன் வகை. டிபிஎச் என்பது பிவிசியை பிளாஸ்டிசைசர் போட்டு மென்மையாக்கியதுதான். ஒட்டிய அன்று டிபியு மாதிரியே பளபளக்கும். சென்னை வெயிலில் அந்த பிளாஸ்டிசைசர் மெல்ல வெளியேறியதும் ஃபிலிம் விறைத்து, ஓரம் சுருங்கி, உரிக்கும்போது துண்டு துண்டாக உடையும். டிபியு-விலும் இரண்டு வகை உண்டு. அலிஃபாட்டிக் டிபியு புற ஊதாக் கதிரைத் தாங்கும். அரோமாட்டிக் டிபியு அதே கதிரில் மஞ்சளாகும். "டிபியு" என்று மட்டும் சொன்னால் போதாது, அலிஃபாட்டிக் என்று டேட்டா ஷீட்டில் எழுதியிருக்க வேண்டும்.

8 மில் என்றால் சுமார் 200 மைக்ரான் தடிமன். ஆனால் 8 மில் என்பது எதன் அளவு என்று கேளுங்கள். டாப் கோட், டிபியு, பசை மூன்றும் சேர்த்தா, இல்லை மேலே ஒட்டிவரும் பாதுகாப்பு ஷீட்டையும் கூட்டிச் சொல்கிறார்களா? ஓரத்துண்டு ஒன்று வாங்கி, இரு பக்க ஷீட்டையும் உரித்துவிட்டு மைக்ரோமீட்டரில் வைத்தால் தெரிந்துவிடும்.

அதே துண்டை இரண்டு விரலால் ஒன்றரை மடங்கு இழுத்து விடுங்கள். டிபியு சில நொடிகளில் பழைய நீளத்துக்குத் திரும்பும். டிபிஎச் இழுபட்டபடியே தொங்கும், சில நேரம் வெளுக்கும். இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் செம்புக் கம்பிச் சோதனை இருக்கிறது. செம்புக் கம்பியின் நுனியை நீலத் தீயில் பழுக்கக் காய்ச்சி, ஃபிலிம் துண்டைத் தொட்டு, மறுபடி தீயில் காட்டுங்கள். தீ பச்சையாக எரிந்தால் குளோரின் இருக்கிறது, அதாவது பிவிசி வகை. திறந்தவெளியில், வண்டியிலிருந்து நன்றாகத் தள்ளிச் செய்யுங்கள், புகையை மூக்கில் ஏற்ற வேண்டாம்.

பிராண்ட் என்று பார்த்தால் எக்ஸ்பெல், த்ரீஎம், ஈஸ்ட்மேன் தயாரிக்கும் சன்டெக் மற்றும் லூமார், கொரியாவின் ஸ்டெக், நம் நாட்டிலேயே தயாராகும் கார்வாரே. இவற்றின் மேல்வரிசை ஃபிலிம்களுக்குள் இருக்கும் வித்தியாசம் ஒட்டும் கைக்கும் கைக்கும் இருக்கும் வித்தியாசத்தை விடக் குறைவு. பெயர் சொல்லாத ஃபிலிம் என்றால் அந்தப் பேச்சே வேண்டாம். முதல் கொட்டேஷனை இப்போதே தள்ளிவிடலாம்.

பிளாட்டர்_கத்தி:

மைக்ரான் அண்ணன் ஃபிலிமைச் சொல்லிட்டார், நான் கடையைச் சொல்றேன்.

முதல்ல தண்ணி. ஃபிலிம் வழுக்கி உட்கார ஸ்லிப் சொல்யூஷன்னு ஒண்ணு அடிப்பாங்க. லிட்டருக்கு 3 முதல் 5 மில்லி பேபி ஷாம்பு, அவ்வளவுதான். அந்தத் தண்ணி எங்கிருந்து வருதுன்னு கேளுங்க. நம்ம ஊர் போர் தண்ணி, லாரித் தண்ணி ரெண்டுலயும் உப்பு அதிகம். ஃபிலிம் அடியில மாட்டின தண்ணி காய்ஞ்சதும் உப்பு மட்டும் வெள்ளைப் புள்ளியா நின்னுடும், அதுக்கப்புறம் அதை எடுக்க வழியே கிடையாது. சிவப்பு வண்டியில பளிச்சுன்னு தெரியும். ஆர்ஓ தண்ணியோ டிஸ்டில்ட் வாட்டரோ பயன்படுத்தற கடையாப் பாருங்க. கேன் கேனா அடுக்கி வெச்சிருப்பாங்க, கேட்காமலே தெரியும்.

அடுத்தது அறை. ஏசி நம்ம சௌகரியத்துக்கு இல்ல. ஏப்ரல், மே மாசம் ஷெட்டுல பானெட் சூடா இருந்தா ஸ்லிப் சொல்யூஷன் நொடியில ஆவியாகிடும், பசை உடனே கவ்விக்கும். கவ்வினதை இழுத்து மறுபடி வெச்சா கோடு கோடா பசை ரேகை விழும். 22 லேர்ந்து 26 டிகிரிக்குள்ள வேலை செய்யணும். வாசல் ஷட்டர் தெருவைப் பார்த்துத் திறந்தே கிடந்தா தூசி உள்ள வரும், ஒவ்வொரு தூசியும் ஒரு சின்னக் கொப்புளம். மேல ஃபேன் ஓடுற இடத்துல பிபிஎஃப் ஒட்டவே கூடாது.

இப்ப வெட்டு. ரெண்டு முறை இருக்கு. ஒண்ணு, சாஃப்ட்வேர்ல உங்க மாடலோட பேட்டர்ன் எடுத்து பிளாட்டர்ங்கிற கம்ப்யூட்டர் வெட்டு மெஷின்ல வெட்டுறது. வண்டி மேல கத்தி படாது, ஆனா பேட்டர்ன் அப்படியே போட்டா பேனல் ஓரத்துல ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர் குறைஞ்சு நிக்கும், அந்த விளிம்புல அழுக்கு கோடு பிடிக்கும். இன்னொண்ணு பல்க். முழு ஷீட்டைப் போர்த்தி வண்டி மேலயே வெட்டுறது. ஓரம் உள்ள மடியும், கோடு தெரியாது, ஆனா கத்தி பிடிக்கிற கை சரியில்லன்னா கிளியர் கோட்டே அறுபடும். நல்ல கடை பேட்டர்னை சாஃப்ட்வேர்லயே ஓரத்துக்கு 8, 10 மில்லிமீட்டர் நீட்டி வெட்டி, அதை உள்ள மடிச்சு விடும். "பேட்டர்னா பல்க்கா"ன்னு கேட்காதீங்க. "எந்தெந்த இடத்துல வண்டி மேல கத்தி வைப்பீங்க, எந்த ஓரம் மடியும், எது மடியாது"ன்னு கேளுங்க. வேலை தெரிஞ்சவர் வண்டியைச் சுத்தி நடந்து விரலால தொட்டுக் காட்டுவார்.

கேமன்ல கஷ்டமான இடம் மூணு. முன் பம்பரோட பக்க ஏர் இன்டேக் உள்வளைவு, கதவுக்குப் பின்னால இருக்கிற காத்து வாங்கி, தானா எழும் ஸ்பாய்லரோட இடுக்கு. பம்பர் மூலையில ஒரே துண்டா போடறேன்னு ஃபிலிமை ரொம்ப இழுத்தா அன்னிக்கு அழகா இருக்கும். ரெண்டு மாச வெயில்ல அது தன் பழைய அளவுக்குத் திரும்பப் பார்க்கும், ஓரம் விட்டுடும். அந்த இடத்துல ஒளிஞ்ச மாதிரி ஒரு ஜாயின்ட் வெச்சு ரெண்டு துண்டா ஒட்டுறவர்தான் விவரமானவர். ஸ்பாய்லர் இடுக்குல மடிப்பு தடிச்சா ஏறி இறங்கும்போது உரசிச் சுருட்டிடும், அங்க மடிக்காம விளிம்போட நிறுத்தணும். பார்க்கிங் சென்சார் மேல ஃபிலிம் போர்த்தக் கூடாது, வட்டமா வெட்டி விடணும், இல்லன்னா சும்மாவே பீப் அடிக்கும்.

ஒன்றரை நாள்ல முழு வண்டின்னா வாஷ், அயர்ன் ரிமூவர் (ஒட்டின இரும்புத் துகளைக் கரைக்கிறது), கிளே (ஒட்டின அழுக்கைத் தேய்ச்சு எடுக்கிற களிமண்), பாலிஷ் எதுவும் ஒழுங்கா நடக்கலன்னு அர்த்தம். உங்க கல்லடிப் புள்ளிகளை முதல்ல டச்-அப் பெயிண்ட் வெச்சு நிரப்பி, காயவிட்டு, மட்டமாத் தேய்ச்ச பிறகுதான் ஃபிலிம் போகணும். குழியா விட்டா ஒவ்வொண்ணுலயும் காத்து நின்னு வெள்ளிப் பொட்டு மாதிரி மின்னும். டச்-அப்புக்கும் ஃபிலிமுக்கும் நடுவுல ஒரு வாரமாவது விடுங்க.

லேப்டைம்:

முழு வண்டியா, முன்பக்கமா என்பதில் என் கருத்து: டிராக்குக்குப் போகும் வண்டிக்கு "முன்பக்கம் மட்டும்" என்ற பேக்கேஜ் தப்பான இடத்தில் நின்றுவிடுகிறது. பம்பர், பானெட், இரண்டு ஃபெண்டர், மிரர், ஹெட்லைட் இதுவரை சரி. ஆனால் அகலமான டயர் கல்லை அள்ளி வீசுவது கதவுக்குக் கீழே ராக்கர் பேனலிலும், பின் சக்கரத்துக்கு முன்னால் புடைத்திருக்கும் இடத்திலும்தான். டிராக்கில் டயர் சூடானால் ரப்பர் துணுக்கும் பொடிக்கல்லும் ஒட்டிக்கொண்டு நேராக அங்கே அடிக்கும். முன்பக்க பேக்கேஜோடு ராக்கர், பின் ஃபெண்டரின் முன்பாதி, ஏ பில்லர் (முன் கண்ணாடியின் பக்கத் தூண்), கூரையின் முன் விளிம்பு, கதவுக் கைப்பிடிக் குழி, கதவு ஓரம் இவற்றைச் சேர்த்து விலை கேளுங்கள். கூரையின் மீதிப் பகுதி, கதவின் மேல்பாதி, பின்பக்கம் இவற்றில் கல் விழுவதே அபூர்வம்.

பானெட்டில் பாதி மட்டும் ஒட்டும் மலிவு பேக்கேஜை எடுக்காதீர்கள். நடுவில் கோடு தெரியும், ஆறு மாதத்தில் அந்தக் கோட்டில் மெழுகும் தூசியும் ஏறிக் கறுக்கும்.

டிராக் முடிந்து ஒட்டியிருக்கும் ரப்பர், தார் இரண்டையும் சிட்ரஸ் வகை தார் ரிமூவரால் எடுங்கள். தின்னரும் பெட்ரோலும் டாப் கோட்டைக் கெடுக்கும். ரேஸ் நம்பர் ஸ்டிக்கரை ஃபிலிமின் விளிம்பைத் தாண்டி ஒட்டக் கூடாது, உரிக்கும்போது விளிம்பையும் தூக்கிவிடும்.

மைக்ரான்:

லேப்டைம் சொல்வது கல்லடிக்குச் சரி. ஆனால் இவர் வண்டி நிற்பது வேப்பமரத்தடியில். காக்கை எச்சம், பிசின், இலைச்சாறு எல்லாம் கூரையிலும் பின் கண்ணாடிக்குக் கீழேயும்தான் விழும். காலை எச்சத்தை மதிய வெயில் காய்ச்சினால் கிளியர் கோட்டிலேயே தடம் விழுந்துவிடும். மூடிய பார்க்கிங் கிடைக்குமானால் லேப்டைம் சொன்ன அளவு போதும், மீதிக்கு செராமிக் கோட்டிங். கிடைக்காது என்றால் முழு வண்டி. எதுவானாலும் ஃபிலிம் முதலில், கோட்டிங் அப்புறம். கோட்டிங் போட்ட பெயிண்ட் மேல் பசை சரியாகப் பிடிக்காது.

திருவான்மியூர்வாசி:

மிக்க நன்றி. இரண்டாவது கடைக்குப் போய் கேஜ் வைத்துப் பார்த்தேன், அலுமினியமும் படிக்கும் கேஜ்தான். எல்லாப் பேனலும் 110 முதல் 135 வரை. இடது முன் ஃபெண்டர் மட்டும் 240 முதல் 270. அங்கே ஃபிலிம் ஒட்டலாமா, வேண்டாமா? தண்ணீர் பற்றிக் கேட்டேன், ஆர்ஓ கேன்களைக் காட்டினார்கள். வாரண்டி அட்டையில் எதைப் பார்க்க வேண்டும்?

மைக்ரான்:

240 முதல் 270 வரை சீராக இருக்கிறது என்றால் பட்டி இல்லை, ஒரு தடவை ரீபெயிண்ட் ஆகியிருக்கிறது. ஒட்டலாம். புதிதாக அடித்த பெயிண்ட் என்றால் உள்ளிருக்கும் சால்வென்ட் வெளியேறக் குறைந்தது 30 நாள் விட வேண்டும். உங்களுடையது பழையதாகத்தான் இருக்கும், முந்தைய ஓனரின் சர்வீஸ் ஹிஸ்டரியிலோ இன்ஷூரன்ஸ் கிளெய்மிலோ தேதி கிடைக்கும். ஒட்டும் முன் கண்ணுக்குத் தெரியாத ஓரத்தில் நல்ல மாஸ்கிங் டேப்பை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று உரித்துப் பாருங்கள். பெயிண்ட் துணுக்கு வந்தால் அந்த ஃபெண்டரை விட்டுவிடுங்கள். வராவிட்டாலும் முழு உத்தரவாதம் கிடையாது. கடைக்காரர் அந்தப் பேனலுக்குப் பொறுப்பில்லை என்று எழுதிக் கேட்பார், அது நியாயம்தான். ஒட்டும்போது அந்த ஒரு பேனலில் தவறாக வைத்ததைப் பிடுங்கி எடுக்க நேராதபடி நிறைய ஸ்லிப் விட்டு வேலை செய்யச் சொல்லுங்கள். பின்னாளில் உரிக்கும்போது ஸ்டீமரால் சூடேற்றி, ஃபிலிமைப் பின்பக்கமாக மடித்து, பேனலோடு படிந்த கோணத்தில் மெதுவாக இழுக்க வேண்டும்.

வாரண்டி: மஞ்சளாவது, வெடிப்பது, கொப்புளம், ஓரம் பிரிவது இவற்றுக்குத்தான் கம்பெனி பொறுப்பு. கல் குத்திய ஓட்டைக்கோ எச்சத் தழும்புக்கோ இல்லை. மாற்றிக் கொடுத்தால் உரிக்கும் கூலியும் ஒட்டும் கூலியும் அதில் அடங்குமா, ஃபிலிம் மட்டும்தானா என்பதை எழுத்தில் வாங்குங்கள், சண்டை வருவது எப்போதும் அந்த இடத்தில்தான். ரோலின் சீரியல் நம்பர், வண்டியின் சேஸிஸ் நம்பர் இரண்டும் ஃபிலிம் கம்பெனியிடம் பதிவாக வேண்டும். கடையின் சொந்த வாரண்டி அட்டை கடை இருக்கும்வரைதான். ரோல் பெட்டியை உங்கள் முன்னால் பிரிக்கச் சொல்வதில் தப்பே இல்லை. ரோல் 60 அங்குல அகலம், 50 அடி நீளம். பல்க் முறையில் இந்த அளவு கூபேக்கு அதில் பெரும்பகுதி போய்விடும். பாதி ரோலை வைத்துக்கொண்டு முழு வண்டி என்றால் மீதி எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள்.

ஜிஎஸ்டி பில்லில் பிராண்ட், மாடல் பெயர், எந்தெந்தப் பேனல் என்று தனித்தனியாக வர வேண்டும். அந்த பில்லை இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு அனுப்பி, ஃபிலிமை பாலிசியில் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். சேர்க்காவிட்டால் பம்பர் மாற்றும்போது ஃபிலிம் காசு உங்கள் கையிலிருந்துதான். கிளியர் ஃபிலிமுக்கு ஆர்டிஓ விஷயம் எதுவும் இல்லை. நிறம் மாற்றும் ஃபிலிம் என்றால் ஆர்சி புக்கில் பதிய வேண்டும்.

பிளாட்டர்_கத்தி:

டெலிவரி எடுக்கும்போது பகல் வெளிச்சத்துல எடுங்க, கையில ஒரு எல்இடி டார்ச். வண்டிக்கு நேரா நின்னு பார்த்தா ஒண்ணும் தெரியாது. குந்தி உட்கார்ந்து டார்ச்சை பேனலோட ஒட்டினாப்ல சாய்ச்சு அடிங்க. தண்ணிக் கொப்புளமும் லேசான மங்கலும் இருந்தா பயப்பட வேண்டாம், ரெண்டு மூணு வாரத்துல ஆவியாகிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில ஈரம் அதிகம், அப்ப ஒரு மாசம் கூட ஆகும். அதை ஊசியால குத்தாதீங்க. ஆனா நடுவுல மணல் மாதிரி புள்ளி இருக்கிற கொப்புளம், நீளமான பசை ரேகை, இழுத்த வெளுப்பு, இது மூணும் தானா போகாது. அந்த இடத்துலயே சொல்லி அந்த பேனலை மாத்தச் சொல்லுங்க. ஹெட்லைட் ஓரம், பேட்ஜ் சுத்தி, கதவு இடுக்கு, இங்கெல்லாம் தலைமுடி மாதிரி மெல்லிய கீறல் இருக்கான்னு பாருங்க. இருந்தா கத்தி பெயிண்ட்ல இறங்கியிருக்கு.

முதல் 48 மணி நேரம் மழையில எடுக்காதீங்க. ஒரு வாரம் வாஷ் கிடையாது. பத்து நாள் கழிச்சு ஒரு தடவை கடைக்குக் கொண்டு போங்க, விட்டிருக்கிற ஓரத்தை டாக் சொல்யூஷன் (பசையைப் பிடிக்க வைக்கிற கரைசல்), ஹீட் கன் வெச்சு உட்கார வைப்பாங்க. அந்த இன்ஸ்பெக்‌ஷன் விலையில சேர்ந்திருக்கணும். பிரஷர் வாஷர் அடிக்கும்போது ரெண்டு அடியாவது தள்ளி நில்லுங்க, விளிம்புக்கு எதிரா அடிச்சா பிரிச்சுடும்.

ஈசிஆர்ல ராத்திரி ஓட்டினா, அதுவும் மழை நின்ன ராத்திரி, ஈசல் பம்பர் முழுக்க அப்பிடும். மறுநாள் காலையிலேயே ஈரத் துணியைப் பத்து நிமிஷம் போர்த்தி ஊறவெச்சு எடுங்க, சுரண்டக் கூடாது. உப்புக் காத்து படிஞ்சிருந்தா துணியால வறட்டுத் துடைப்பு வேண்டாம், முதல்ல தண்ணி. போர் தண்ணியில கழுவிட்டு வெயில்ல காயவிட்டா வட்ட வட்டமா உப்புத் தடம் நிக்கும். வெள்ளை வினிகர் ஒரு பங்கு, தண்ணி ஒரு பங்கு கலந்து துணியில நனைச்சு ஒரு நிமிஷம் வெச்சு அலசினா போயிடும். ஃபிலிம் லேசா மஞ்சளா தெரிஞ்சா ஓரத்துல ஐபிஏ (ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்) தொட்டுத் துடைச்சுப் பாருங்க. துணியில கறை வந்தா மேல் அழுக்குதான், கழுவினா சரி. வரலன்னா பசையோ ஃபிலிமோ மாறுது, உடனே வாரண்டிக்கு போட்டோ அனுப்புங்க.

ஃபிலிம் மேல விழுற மெல்லிய சுழல் கீறல் மே மாச வெயில்ல தானாவே மறையும். அவசரம்னா 60, 70 டிகிரி வெந்நீரை மெதுவா ஊத்துங்க. நகம் மாட்டுற அளவு ஆழமான வெட்டு மறையாது, அந்த பேனலுக்கு மட்டும் புதுசு போடலாம்.

திருவான்மியூர்வாசி:

மூடிய பார்க்கிங் இந்த வருடம் கிடைக்க வழியில்லை. அதனால் இரண்டாவது கடையில் முழு வண்டியும் செய்கிறேன். ராக்கர் பேனலுக்கு மட்டும் 10 மில் ஃபிலிம் போடலாமா என்று அவர்கள் கேட்கிறார்கள். அவசியமா?

லேப்டைம்:

ராக்கருக்கு 10 மில் நல்லது, போடுங்கள். அங்கே வளைவு குறைவு, தடித்த ஃபிலிமும் அடங்கி உட்காரும். அதையே முன் பம்பருக்கும் போடுகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள், இன்டேக் வளைவில் தடித்த ஃபிலிம் திமிறிக்கொண்டு வெளியே வரும். ராக்கரின் கீழ் விளிம்பை உள்ளே மடித்து, அங்கே மட்டும் எட்ஜ் சீலர் (விளிம்பு பிரியாமல் மூடும் பூச்சு) போடச் சொல்லுங்கள். ஜாக் வைக்கும் இடத்தில் ஃபிலிம் வராமல் நிறுத்த வேண்டும்.